பீட்ருவும் பக்தாதும்

நானுஓயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: எடின்பரோ, கிளாசோ, டெஸ்போட், கார்லபேக், சமர்செட். பாதி ஸ்காட்லாந்தும் கொஞ்சம் இங்கிலாந்தும் வந்துவிடும். கீழே தலவாக்கலைப் பக்கம் போனால் ஒலிரூட், பூண்டுலோயாப் பக்கம் டன்சினன். நடுநடுவே ரதல்ல, லிந்துலை என்று சிங்களப் பெயர்கள். தமிழில் பிறந்து தமிழிலேயே சாகும் நாங்கள் குடியிருக்கும் இடத்தில், "இது எங்கள் மொழிப் பெயர்" என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலத்திலும் பென்சன் எடுத்த பிறகும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "சேர், நம்ம தோட்டத்துப் பேருக்கு என்னா அர்த்தம்?" கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, கொழும்பில் கடையிலும் கார்மென்ட்ஸிலும் வேலை செய்யும் பிள்ளைகள். ஊர் எது என்று அங்கே யாராவது கேட்டால் "நுவரெலியா" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். தோட்டத்துப் பேரைச் சொன்னால் லயத்துப் பிள்ளை என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். இரண்டாவது வகை, கொஞ்சம் வாசித்தவர்கள். எந்தப் பேரைக் கொடுத்தாலும் அதற்குள் ஒரு தமிழ் வேரைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். "நானுஓயான்னா நாணல் ஓடைதானே சேர்?" என்று ஒருவன் கேட்டான். கேட்கும்போதே அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

இந்த இரண்டு வகைக்கும் நான் சொல்வது ஒரே பதில்தான். அந்தப் பதிலைக் கற்றுக்கொடுத்தவர், கிட்டத்தட்ட 800 வருடங்களுக்கு முன் அலெப்போவில் இறந்துபோன, ஒருகாலத்தில் அடிமையாக விற்கப்பட்ட ஒரு மனிதர்.

அவர் பெயர் யாகூத். என்னோடு பயிற்சிக் கலாசாலையில் இருந்த ஒரு மௌலவி நண்பர்தான் அவரை எனக்கு அறிமுகம் செய்தவர். அரபு படிப்பித்தவர். மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் எங்கும் போக முடியாது. அப்படியான பின்நேரங்களில் அவர் வாசித்துப் பொருள் சொல்வார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

யாகூத் பிறந்தது பைசாந்தியர் நாட்டில், கிரேக்க வம்சத்தில். சிறு வயதில் பிடிபட்டு பக்தாதில் ஒரு வியாபாரியிடம் விலைபோனார். யாகூத் என்றால் மாணிக்கக் கல். அடிமைகளுக்கு அப்படி மணி, முத்து என்று பேர் வைப்பது அக்கால வழக்கம். முதலாளியின் பூர்வீகம் சிரியாவில் ஹமா என்ற ஊர். அதனால் இவரும் 'அல் ஹமவி' ஆனார். எஜமானோடு வந்த பெயரிலும் எஜமானின் ஊர்ப் பெயரிலும்தான் உலகம் இன்றுவரை அவரை அறியும். அந்த வியாபாரிக்கு எழுத்து சரியாக வராது. கணக்கெழுத ஆள் தேவைப்பட்டதால் இவரைப் படிக்க வைத்தார். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடங்களும் ஆரம்பத்தில் அதைவிடப் பெரிய நோக்கத்தோடு திறக்கப்பட்டவை அல்ல. ஆனால் எழுத்து ஒருவன் கைக்கு வந்த பிறகு அது கணக்கோடு நிற்பதில்லை. வியாபார வேலையாக பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவு வரைக்கும் போய்வந்த யாகூத், விடுதலை கிடைத்த பிறகு புத்தகங்களைப் பிரதி எடுத்தும் விற்றும் பிழைத்தார்.

1218இல் மெர்வ் நகரத்தில் இருந்தார். இன்றைய துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது அந்த இடம். ஒரு சபையில் ஹுபாஷா என்ற பழைய அரபுச் சந்தை ஒன்றின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று பேச்சு வந்தது. இவர் ஒரு விதமாகச் சொல்ல, இன்னொருவர் இல்லை என்று வேறு விதமாகச் சாதித்தார். புத்தகங்களைப் புரட்டினால் தீர்ப்புச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சின்னச் சண்டையிலிருந்துதான் 'முஃஜமுல் புல்தான்' என்ற பிரம்மாண்டமான ஊர்ப்பெயர் அகராதி தொடங்கியது. மெர்வில் பத்து நூலகங்கள் இருந்ததாகவும், 200 புத்தகங்கள்வரை எப்போதும் தன் அறையில் இருந்ததாகவும், பெரும்பாலும் ஈடு கேட்காமலே கொடுத்ததாகவும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அடுத்த சில வருடங்களில் மங்கோலியப் படை வந்து அந்த நகரத்தை அழித்தது. யாகூத் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கந்தல் துணியோடு மோசூல் போய்ச் சேர்ந்தார். 1224இல் அகராதியின் முதல் வடிவம் முடிந்தது. 1229இல் அவர் காலமானார்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதலில் பெயர். அரபு எழுத்தில் குறில் உயிர்களை எழுதாமல் விட்டுவிடுவார்கள் என்பதால், முதல் எழுத்துக்கு இன்ன ஒலி, இரண்டாவது எழுத்துக்கு இன்ன ஒலி என்று வார்த்தையால் எழுதி வைப்பார். பிழையாக வாசிக்க வழியே இல்லை. பிறகு, பெயர் எந்த மொழியில் இருந்து வந்தது, யார் யார் என்ன காரணம் சொல்கிறார்கள் என்பது. பிறகு ஊர் எங்கே இருக்கிறது என்பது. கடைசியாக அந்த ஊரில் பிறந்த கல்விமான்களின் பெயர்கள். ஓர் ஊரைப் பற்றி எழுதினால் அதில் பிறந்த மனிதர்களையும் எழுத வேண்டும் என்பது அவர் கணக்கு.

இந்த அகராதியில் ஆயிரக்கணக்கான ஊர்கள். அதில் பாரசீகப் பெயர்கள் நிறைய. அரபிகள் ஈராக்கையும் ஈரானையும் பிடித்தபோது, அங்கே ஊர்களுக்கு ஏற்கெனவே பாரசீகப் பெயர் இருந்தது. ஆண்டவர்கள் மாறினார்கள், பெயர்கள் பெரும்பாலும் மாறவில்லை. அரபு நாக்குக்கு ஏற்றபடி வளைந்தன, அவ்வளவுதான். அரபில் 'ப' இல்லை, 'க'வின் மெல்லொலி இல்லை, 'ச்ச' இல்லை. ஆகவே பார்ஸ் என்பது ஃபார்ஸ் ஆனது. குர்கான், ஜுர்ஜான் ஆனது. சாச் என்ற ஊர் (இன்றைய தாஷ்கந்து) ஷாஷ் ஆனது. ஸ்பாஹான் என்ற பெயரில் இரண்டு மெய்கள் முன்னால் ஒட்டி நிற்பது அரபியின் வாயில் வரவில்லை. முன்னால் ஓர் 'இ' சேர்த்து இஸ்பஹான் என்றார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இஸ்டோர் என்கிறோம், இஸ்கூல் என்கிறோம், இஸ்டேசன் என்கிறோம். கொழும்புக்குப் போன பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் வாயில் அந்த 'இ'யைக் கேட்டு வெட்கப்படுகிறான். அதே 'இ'யை வைத்துக்கொண்டு அரபிகள் ஒரு பெரிய நகரத்துக்குப் பெயர் சொன்னார்கள். அகராதி எழுதினார்கள். யாரும் வெட்கப்படவில்லை.

பக்தாத் விஷயம் இதைவிட ருசியானது. அப்பாசிய கலீபாக்களின் தலைநகரம், இஸ்லாமிய உலகத்தின் நடுமுற்றம். அதன் பெயர் பாரசீகம். யாகூத் இதை மறைக்கவில்லை. 'பாக்' என்றால் தோட்டம், 'தாத்' என்பது ஒரு ஆளின் பெயர், ஆக தாதின் தோட்டம் என்று சொல்பவர்கள் உண்டு என்கிறார். 'பக்' என்பது ஒரு விக்கிரகத்தின் பெயர், 'தாத்' என்றால் கொடுத்தது, ஆக அந்தச் சாமி கொடுத்த இடம் என்று சொல்பவர்களும் உண்டு என்கிறார். இரண்டாவது அர்த்தத்தால் அந்தப் பெயரைச் சொல்லவே விரும்பாத மொழி அறிஞர் ஒருவர் இருந்தார், அஸ்மயீ என்று பேர். அரசாங்கமும் 'மதீனத்துஸ் ஸலாம்', சாந்தி நகரம், என்று அழகான அரபுப் பெயர் ஒன்றை வைத்துக் காசிலெல்லாம் அடித்தது. ஜனங்கள் பக்தாத் என்றே சொன்னார்கள். இன்றும் அதுதான் பெயர்.

பாரசீகத்தில் இருந்து ஏராளமாகச் சொற்கள் வந்ததைப் பற்றி அரபு அறிஞர்களுக்குள் பெரிய வாதமே நடந்திருக்கிறது. வேத நூலில் வேற்றுமொழிச் சொல் ஒன்றுகூடக் கிடையாது என்று ஒரு கட்சி. உண்டு என்று மறு கட்சி. 838இல் இறந்த அபூ உபைத் என்ற பெரியவர் இரண்டு கட்சியும் சரிதான் என்றார். அந்தச் சொற்கள் வேறு மொழியில் பிறந்தவை, அது உண்மை. ஆனால் அரபிகளின் வாயில் புழங்கி அவர்களுடைய ஒலிக்குள் வந்துவிட்டதால் அவை இப்போது அரபு, அதுவும் உண்மை. 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் ஜவாலீகி, இப்படி வந்த சொற்களுக்கு என்றே தனி அகராதி எழுதினார். கடன் வாங்கியதை வரிசையாக எழுதி வைத்தது அந்த மொழிக்குக் குறைவாகவில்லை. இன்னும் ஒரு வேடிக்கை: அரபு அகராதிகளில் பேர்போன 'அல் காமூஸ்' நூலை எழுதியவர் 1415இல் இறந்த பைரூஸாபாதி. அவரை உலகம் அறிவதே ஈரானில் உள்ள ஒரு பாரசீக ஊர்ப்பெயரால்தான். அந்த ஊருக்கு முதலில் கூர் என்று பேர். பாரசீகத்தில் கூர் என்றால் புதைகுழி என்றும் அர்த்தம். ராஜா அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் "ராஜா குழிக்குப் போயிட்டார்" என்று ஜனங்கள் சொல்லிச் சிரிக்கவே, 10ஆம் நூற்றாண்டில் அவர் பெயரை மாற்றிவிட்டாராம். ஊர்ப்பெயர் மாற்றத்துக்கு நான் கேட்டதிலேயே நியாயமான காரணம் இது.

இனி நம்ம பக்கம் வருவோம். நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பிதுருதலாகல, 2,524 மீற்றர், இலங்கையின் உயர்ந்த மலை. வெள்ளைக்காரத் துரைமாருக்கு அவ்வளவு நீளப் பெயர் வாயில் வரவில்லை. முன்பாதியை மட்டும் எடுத்து, தங்களுக்குத் தெரிந்த ஒரு மேனாட்டு ஆள் பெயரின் அச்சில் வார்த்து 'பெட்ரோ' என்றார்கள். மலையடியில் திறந்த தோட்டத்துக்கும் அதே பெயர். எங்கள் ஆட்கள் அதைப் 'பீட்ரு' ஆக்கினார்கள். சிங்களத்தில் புறப்பட்டு, ஆங்கிலத்தில் உடுப்பு மாற்றி, தமிழில் குடியேறிய பெயர். பீட்ரு துரை என்று ஒருவர் இருந்தார் என்று கதை கட்டுவது மிகச் சுலபம். கட்டியவர்களும் உண்டு.

தலவாக்கலையும் கொட்டகலையும் இன்னொரு கூத்து. சிங்களத்தில் கெலே என்றால் காடு, கல என்றால் பாறை. முதலாவது ஊரில் இருப்பது காடு, இரண்டாவதில் பாறை. நாங்கள் இரண்டையும் 'கலை' ஆக்கிவிட்டோம். புல்வெளிக்குச் சிங்களத்தில் பத்தன. அது எங்கள் வாயில் அக்கரப்பத்தனையின் பத்தனை. ஒலிரூட் என்பது எடின்பரோ நகரத்து அரண்மனையின் பெயர். டன்சினன், ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தில் அந்தக் கொடுங்கோல் ராஜா ஒளிந்திருக்கும் கோட்டை மலை. அதற்கு இங்கே பெயர் வைத்த துரை என்ன நினைத்து வைத்தாரோ, நாடகத்தின் முடிவை வாசித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

முதலில் சொன்ன பையனின் நாணல் ஓடைக்கு வருகிறேன். ஓயா என்பது சிங்களத்தில் ஆறு. அதில் சந்தேகம் இல்லை. நானு என்றால் தலைக்குத் தேய்த்து முழுகும் மூலிகைக் கலவை. கண்டி தலதா மாளிகையில் புதன்கிழமைதோறும் நடக்கும் சடங்குக்கு நானுமுர மங்கல்ய என்றே பெயர். ராஜ குடும்பத்தார் முழுகிய ஆறு என்று ஒரு கதை. சீதாதேவி முழுகினாள் என்று இன்னொரு கதை. கதைகளைக் கதைகளாகவே அவனிடம் சொன்னேன். நாணல் மட்டும் அதில் இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. ஏன் வாட வேண்டும்? நாணல் ஓடை என்று இருந்தால்தான் நானுஓயா அவனுக்குச் சொந்தமா? அவன் பாட்டனும் பூட்டனும் 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த ரயில் பாதைக்கு மேலேயும் கீழேயும் மண் வெட்டியவர்கள், கொழுந்து பறித்தவர்கள், இந்த மண்ணுக்குள் கிடப்பவர்கள். அதற்கு அகராதியில் சாட்சி தேட வேண்டியதில்லை. பெயரின் வேரை வைத்து நிலத்துக்கு உரிமை பேசத் தொடங்கினால், நாளைக்கு வேறொருவன் இன்னொரு வேரோடு வந்து நிற்பான். நம் நாட்டில் அந்தக் கூத்துக்குக் குறைவே இல்லை.

யாகூத் என் மனதில் குருவாக உட்கார்ந்தது இந்த இடத்தில்தான். அவர் அகராதியில் நம் நாடும் இருக்கிறது, ஸரந்தீப் என்ற பெயரில். அந்தப் பதிவில், தீப் என்றால் இந்திய மொழியில் தீவு என்று விளக்குகிறார். மீதி இருக்கும் ஸரன் என்பது என்ன என்று தனக்குத் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். அத்தனை நூலகங்களைப் படித்தவர். நினைத்திருந்தால் ஒரு ராஜாவையோ ஒரு பூதத்தையோ ஸரன் என்று படைத்துவிட்டுப் போயிருக்கலாம். யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? வயது போன எங்களுக்கு இது பெரிய பாடம். சிறுபிள்ளை கேள்வி கேட்டால் தெரியாது என்று சொல்ல எங்கள் நாக்கு எழும்பாது. எதையாவது சொல்லி வைப்போம். அது இரண்டு தலைமுறை போனால் வரலாறாகிவிடும்.

பாரசீகம் ஏதோ தூரத்து மொழி என்றும் நினைக்க வேண்டாம். 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்து இறங்கியபோது, தன்னை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் புரிந்தது என்று எழுதியிருக்கிறார். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டு என்று பொறித்துக் காலிக்குக் கொண்டுவந்து நாட்டிய கல்லில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். கொழும்புத் தேசிய நூதனசாலையில் நிற்கிறது. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனால் அந்தக் கல்லுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்துவது என் வழக்கமாக இருந்தது. தமிழ் எழுத்தை அவர்களே கண்டுபிடித்துக் கத்துவார்கள்.

வரைபடத்தில் எங்கள் பெயர் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். வரைபடத்தில்தான் இல்லை. வாயில் இருக்கிறது. தோட்டத்துக்குப் பெயர் வைத்தது துரை. ஆனால் தோட்டத்துக்குள்ளே உள்ள ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு லயத்துக்கும், ஒவ்வொரு பீலிக்கும் பெயர் வைத்தது எங்கள் சனம். மேல்கணக்கு, பணியக்கணக்கு, தொங்க லயம், பத்துக் காம்பரா. நாற்றுமேடை இருந்த இடம் தவறணை மலை. விடியக்காலையில் பேர் கொடுக்க வரிசையில் நின்ற இடம் பெரட்டுக்களம். பெரட்டு, பட்டாளத்துப் 'பரேட்'டில் இருந்து வந்தது. இஸ்டோர்ச் சக்கரத்துக்குக் காவல் நிற்கும் சாமி ரோதைமுனி. ரோதை, போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், சிங்களத்திலும் உண்டு. தேயிலைச் செடியை வெட்டிக் கொடுக்கும் வேலை கவ்வாத்து. அதற்கும் ஒரு சாமி, கவ்வாத்துச்சாமி. படைப் பயிற்சியைச் சொல்லும் கவாத்து அரபில் புறப்பட்டு உருது வழியாகத் தமிழுக்கு வந்த சொல். செடி வெட்டும் வேலைக்கு அந்தப் பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை.

வாய்ப்பெயர் நிலைக்காது என்று சொல்ல முடியாது. சிவனொளிபாத மலைக்கு மஸ்கெலியாப் பக்கமாக ஏறுபவர்கள் கடைசியாக இறங்கும் இடம் நல்லதண்ணி. எங்கள் ஆட்கள் வைத்த பெயர். இன்று சிங்களத்திலும் அதுதான், நல்லதன்னிய. பலகையில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது. யாரும் வழக்குப் பேசவில்லை, ஊர்வலம் போகவில்லை. புழங்கினார்கள், நின்றுவிட்டது.

மற்றவை அப்படி நிற்குமா என்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. மலைகளுக்கு இப்போது ஆபீஸில் நம்பர்தான். லயங்கள் உடைந்து தனிவீடுகள் வருகின்றன, வர வேண்டியதுதான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காடாகிப்போன மலைகளில் கொழுந்து எடுக்க யாரும் போவதில்லை. போகாத மலையின் பெயரை யார் சொல்வார்கள்? அந்தப் பெயர்கள் தெரிந்த கிழவிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோச்சியேறி வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். வரும்போது ஒரு எக்சசைஸ் கொப்பி கொண்டுவாருங்கள். உங்கள் லயத்தில் வயது கூடிய ஆளிடம் போய் உட்காருங்கள். எந்த மலைக்கு என்ன பேர், எந்தப் பீலிக்கு என்ன பேர், யார் வைத்தது, அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் சொல்லும் விதமாகவே எழுதுங்கள், திருத்த வேண்டாம். ஆங்கிலம் என்றால் ஆங்கிலம் என்று எழுதுங்கள், சிங்களம் என்றால் சிங்களம். காரணம் கிடைக்காவிட்டால், தெரியாது என்று எழுதுங்கள். ஒரு பிரதியைத் தோட்டத்துப் பாடசாலையில் கொடுங்கள். இன்னொன்றை நூலகம் நிறுவனத்தாரிடம் கொடுத்துப் பாருங்கள். ஈழத்துத் தமிழ் எழுத்துகளை அவர்கள் இணையத்தில் சேர்த்துப் பாதுகாத்து வருகிறார்கள்.